வெனிஸுக்கு ஒரே ஒரு நாள்

இத்தாலிக்கான சுற்றுலாத் திட்டங்களை எடுத்துப் பார்த்தால் ரோமுக்கு மூன்று நாள், ஃபுளோரன்ஸுக்கு இரண்டு நாள், வெனிஸுக்கு ஒரு நாள் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். சிலவற்றில் அந்த ஒரு நாளும் அரை நாளாகச் சுருங்கிவிடும். காலை பத்து மணிக்குப் பேருந்து வந்து நிற்கும். படகில் ஏற்றி சான் மார்க்கோ சதுக்கத்தில் இறக்குவார்கள். கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஒரு மணி நேரம் நடை, அப்புறம் ஒரு கண்ணாடிப் பட்டறை, ஒரு கோண்டோலா, மூன்று மணிக்குத் திரும்பவும் படகு. ஊருக்கு வந்தவர்களிடம் 'வெனிஸ் எப்படி?' என்று கேட்டால் 'ஒரே கூட்டம், தண்ணியில கொஞ்சம் நாத்தம்' என்பார்கள். பாவம், அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த வெனிஸ் அதுதான்.

ஒரு நாள் போதுமா என்றால் போதாது. ஆனாலும் விடுமுறையும் பணமும் அளவாக இருப்பவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் கிடைக்கும். அதை எப்படிச் செலவழிப்பது என்பது பயணியின் தனிப்பட்ட விஷயமாகத் தோன்றலாம். வெனிஸைப் பொறுத்தவரை அப்படியில்லை. 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரத்தில், 2022இல் குடியிருப்போர் தொகை 50,000க்கும் கீழே இறங்கிவிட்டது. வீடுகள் விடுதிகளாகின்றன, காய்கறிக் கடைகள் முகமூடிக் கடைகளாகின்றன. பத்து மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போகும் கூட்டம் ஊரின் தெருவை அடைக்கிறது, குப்பையை விடுகிறது. காசை மட்டும் வேறெங்கோ கொண்டுபோய்க் கொடுக்கிறது. அந்தக் கூட்டத்தில் இன்னொருவராகச் சேர்வதா, கொஞ்சம் வேறு மாதிரி போய் வருவதா என்பதைத் திட்டம் போடும்போதே முடிவு செய்துவிட முடியும்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். வெனிஸை 'மிதக்கும் நகரம்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது மிதக்கவில்லை, நிற்கிறது. உப்பங்கழிக்கு நடுவே 118 சிறு தீவுகள். அவற்றை இணைக்க நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள். சேற்றில் லட்சக்கணக்கான மரக் கம்பங்களை நெருக்கமாக அடித்து இறக்கி, அதன்மேல் பலகை, அதன்மேல் உப்பு நீருக்கு அசையாத இஸ்திரியக் கல், அதற்கும் மேலே செங்கல் என்று எழுப்பியிருக்கிறார்கள். காற்றே புகாத சேற்றுக்குள் இருப்பதால் மரம் எளிதில் உளுத்துப் போவதில்லை. இதில் பயணிக்கு என்ன என்று கேட்கலாம். அந்தப் பாலங்களில் பெரும்பாலானவற்றுக்குப் படிகள் உண்டு! வரைபடத்தில் ஒன்றரை கிலோமீட்டர் என்று தெரிவது, முட்டி வலி உள்ள பெரியவருக்குப் பத்துப் பன்னிரண்டு முறை ஏறி இறங்கும் வேலையாகிவிடும். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவர் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். ஒரு நாள் பயணி பெட்டியை மெஸ்த்ரேயில் தங்கும் இடத்திலோ, ரயில் நிலையத்தின் பொருள் காப்பகத்திலோ வைத்துவிட்டு வருவதே புத்திசாலித்தனம்.

எந்தக் கிழமை போவது? இந்தக் கேள்விக்குப் பலர் யோசிப்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சான் மார்க்கோ பேராலயத்தில் வழிபாடு நடக்கும். சுற்றிப் பார்க்க வருபவர்களுக்குப் பிற்பகலில்தான் அனுமதி. ரியால்ட்டோ மீன் சந்தை ஞாயிறும் திங்களும் கிடையாது. பழைய யூதக் குடியிருப்பில் உள்ள அருங்காட்சியகம் சனிக்கிழமை மூடியிருக்கும். ஆக செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி மிஞ்சுகின்றன. வெள்ளியிலும் ஒரு சிக்கல் உண்டு. 2024ஆம் ஆண்டு முதல் நெரிசல் மிகுந்த நாட்களில் தங்காமல் வந்து போகும் பயணிகளிடம் நகராட்சி நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. முதல் ஆண்டில் 29 நாட்கள், தலைக்கு 5 யூரோ. 2025இல் 54 நாட்களாக்கினார்கள். கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ. அந்த நாட்கள் ஏப்ரல் முதல் ஜூலை வரை, பெரும்பாலும் வெள்ளி முதல் ஞாயிறு வரை அமைந்தன. காலை 8.30 மணி முதல் மாலை 4 மணி வரைதான் கணக்கு. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இல்லை. ஊருக்குள் இரவு தங்குகிறவர்களுக்கும் இல்லை, ஆனால் அவர்களும் விலக்குச் சீட்டை இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இந்தக் கட்டணத்தால் கூட்டம் குறைந்ததா என்று அங்கேயே சண்டை நடக்கிறது. ஒரு சினிமா டிக்கெட் விலைக்கு யாரும் வெனிஸைக் கைவிட மாட்டார்கள் என்று சொல்லும் உள்ளூர்க்காரர்களின் வாதம் பலமாகவே இருக்கிறது. ஊருக்குள் நுழையவே சீட்டு வாங்கவேண்டும் என்றால் அதை ஊர் என்பதா, கண்காட்சி என்பதா என்றும் அவர்கள் கேட்கிறார்கள்.

அடுத்தது தண்ணீர். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கடல் ஏற்றமும் தென்கிழக்கிலிருந்து வீசும் சிரோக்கோ காற்றும் ஒன்றுசேர்ந்தால் தெருவில் தண்ணீர் ஏறும். 'அக்குவா ஆல்ட்டா' என்பார்கள், உயர்நீர் என்று பொருள். 1966 நவம்பர் 4இல் 194 சென்டிமீட்டர். 2019 நவம்பர் 12இல் 187. இப்போது கழியின் மூன்று கடல்வாய்களிலும் கடலடியில் படுத்துக் கிடக்கும் 78 இரும்புக் கதவுகள் இருக்கின்றன. வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உள்ளே காற்றை அடைத்து எழுப்புகிறார்கள். மோசே என்று பெயர். 2020 அக்டோபர் 3ஆம் தேதி முதன்முதலாக உண்மையான வெள்ளத்தைத் தடுத்தது. ஆனால் சான் மார்க்கோ சதுக்கம் நகரத்திலேயே மிகத் தாழ்வான இடங்களில் ஒன்று. கதவுகளை எழுப்பாத சாதாரண ஏற்றத்திலேயே அங்கே கணுக்கால் நனையும். எனவே அக்டோபருக்கு மேல் போகிறவர்கள் நகராட்சி வெளியிடும் நீர்மட்ட முன்னறிவிப்பை முந்தைய நாள் பார்த்துவிட்டு, சதுக்கத்தை நீர் இறங்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஏற்றம் சில மணி நேரந்தான், நாள் முழுக்க நிற்காது.

வழிகாட்டி வேண்டுமா, வேண்டாமா? வேண்டும். ஆனால் நாள் முழுக்க வேண்டாம். இரண்டரை, மூன்று மணி நேரம் போதும். அதற்கு மேல் கேட்டால் எந்த டோஜ் எந்த நூற்றாண்டு என்று எல்லாம் குழம்பி, கடைசியில் கால் வலி மட்டும்தான் நினைவில் நிற்கும். (டோஜ் என்பவர் வெனிஸ் குடியரசின் தலைவர். பிரபுக் குடும்பத்தார் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். பதவி சாகும்வரை, அதிகாரம்தான் கொஞ்சம்.) இத்தாலியில் வழிகாட்டியாகத் தொழில் செய்ய உரிமம் வேண்டும். 2024இலிருந்து வெனிஸில் ஒரு குழுவில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒலிபெருக்கியும் கூடாது. இருபத்தைந்து பேரே அதிகம். ஆறேழு பேர் சேர்ந்து ஒருவரை அமர்த்திச் செலவைப் பங்கு போட்டுக்கொண்டால் கேள்வி கேட்கவாவது முடியும். பேசும்போதே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வழியில் ஏதாவது கடைக்குள் கூட்டிப்போவீர்களா? 'ஆமாம், கண்ணாடி செய்வதை இலவசமாகப் பார்க்கலாம்' என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடலாம். இலவசம் என்பதன் விலை, விற்பனைக் கூடத்தில் முக்கால் மணி நேரம்.

கண்ணாடி என்றதும் முரானோ தீவு நினைவுக்கு வரும். தீ விபத்துக்குப் பயந்து 1291இல் கண்ணாடி உலைகளையெல்லாம் வெனிஸ் அரசு அந்தத் தீவுக்கு மாற்றியது. பிறகு தொழில் ரகசியம் வெளியே போகாதபடி கைவினைஞர்களையும் ஊரை விட்டுப் போகவிடாமல் வைத்திருந்தது. நல்ல கதை, நல்ல இடமும்கூட. வண்ண வீடுகள் வரிசைகட்டி நிற்கும் புரானோ இன்னும் அழகு. ஆனால் ஒரு நாள் திட்டத்தில் இரண்டுக்கும் இடமில்லை. போக வர, படகுக்குக் காத்திருக்க என்று அரை நாள் போய்விடும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு அடித்துவிட வேண்டியதுதான்.

சரி, இனி நாள் தொடங்கட்டும். காலை ஏழரை மணிக்குள் சான்டா லூசியா ரயில் நிலையம். மெஸ்த்ரேயிலிருந்து பத்து, பன்னிரண்டு நிமிடம். நிலப்பகுதியையும் வெனிஸையும் இணைக்கும் ரயில் பாலம் 1846இல் திறக்கப்பட்டது; அதற்கு முன் படகை விட்டால் வழியே இல்லை. நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் படிக்கட்டு, படிக்கட்டுக்குக் கீழே பெரிய கால்வாய். ஆட்டோ கிடையாது, கார் கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது. குப்பை வண்டியும் ஆம்புலன்ஸும் படகுதான்.

அங்கிருந்து ஒன்றாம் எண் வப்பொரெட்டோ. இது ஊர் பஸ் மாதிரி. பெரிய கால்வாயின் இரண்டு கரையிலும் மாறி மாறி நின்று, ஏறத்தாழ முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு சான் மார்க்கோ போய்ச் சேரும். அவசரக்காரர்கள் இரண்டாம் எண்ணில் ஏறுவார்கள். ஏற வேண்டாம். மூன்றே முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு இரு கரையிலும் மாளிகைகள். அவற்றின் முகப்பெல்லாம் தண்ணீரைப் பார்த்துத்தான் இருக்கிறது, தெருப்பக்கம் இருப்பது கொல்லைப்புறம். படகிலிருந்து பார்க்காதவர் அந்த வீடுகளின் முதுகைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார். 75 நிமிடச் சீட்டு 2025 நிலவரப்படி 9.50 யூரோ, நாள் சீட்டு 25 யூரோ. மூன்று முறை ஏறினால்தான் நாள் சீட்டு லாபம். இந்தத் திட்டத்தில் ஒரு முறைதான் ஏறுவதால் தனிச்சீட்டு போதும். பெரியவர்களோடு போனால் கணக்குப் பார்க்காமல் நாள் சீட்டு.

எட்டரை மணிக்கு சான் மார்க்கோ சதுக்கம் கிட்டத்தட்ட காலியாக இருக்கும். இதைப் பார்க்கத்தான் அவ்வளவு சீக்கிரம் எழுந்தது. வெனிஸில் 'பியாட்ஸா' என்ற பெயர் இந்த ஒரு சதுக்கத்துக்குத்தான்; மற்றதெல்லாம் 'காம்போ', அதாவது வயல், மைதானம். எதிரே நிற்கும் மணிக்கூண்டு பழையது போலத் தோன்றும். அது 1902 ஜூலை 14ஆம் தேதி காலை தானாகவே இடிந்து விழுந்துவிட்டது. முன்கூட்டியே விரிசல் தெரிந்து ஆட்களை அகற்றியிருந்ததால் மனித உயிர் எதுவும் போகவில்லை. 'இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே' என்று முடிவெடுத்து 1912இல் கட்டி முடித்தார்கள். 1609இல் கலிலியோ தன் தொலைநோக்கியை வெனிஸ் பிரபுக்களுக்குக் காட்டியது பழைய கோபுரத்தின் உச்சியிலிருந்து.

ஒன்பது மணிக்கு டோஜ் மாளிகை திறக்கும்போது வழிகாட்டியோடு உள்ளே போய்விட வேண்டும். சீட்டு முன்பதிவு கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். மாளிகையில் பார்க்க நூறு விஷயம் இருந்தாலும் பெரிய சபை மண்டபத்தில் நின்று மேலே பார்க்க வேண்டும். சுவரின் உச்சியில் டோஜ்களின் படங்கள் வரிசையாக இருக்கும். ஓரிடத்தில் மட்டும் முகம் இல்லை, கறுப்புத் துணி வரைந்திருக்கும். அது மரீனோ ஃபலியேரோவின் இடம். குடியரசின் தலைவராக இருந்துகொண்டே தன்னை இளவரசனாக்கிக்கொள்ளச் சதி செய்ததற்காக 1355இல் தலை வெட்டப்பட்டவர். படத்தை எடுத்துவிட்டு இடத்தை நிரப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், மறைத்ததை எல்லோரும் பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள்!

அங்கிருந்து கைதிகள் கடந்த 'பெருமூச்சுப் பாலம்'. வெளியே நின்று ஆயிரம் பேர் அதைப் படம் எடுக்கும்போது உள்ளேயிருந்து கல் சல்லடை வழியாக அவர்களைப் பார்ப்பது ஒரு தனி வேடிக்கை. மாளிகையின் ஈயக் கூரைக்கு அடியிலிருந்த சிறையிலிருந்துதான் 1756இல் காஸனோவா தப்பினார்.

பதினொரு மணி அளவில் பேராலயம். இதற்கும் நேரம் குறித்த சீட்டு உண்டு. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், பெரிய பைக்கு அனுமதி இல்லை. 828இல் அலெக்சாந்திரியாவிலிருந்து வெனிஸ் வணிகர்கள் புனித மாற்குவின் உடலைத் திருடிக்கொண்டு வந்தார்கள். சுங்கக்காரர்கள் கிட்டே வராதபடி மேலே பன்றி இறைச்சியை வைத்து மூடினார்கள் என்பது கதை. இப்போதுள்ள ஆலயம் 11ஆம் நூற்றாண்டில் எழுந்தது. வாசலுக்கு மேலே நிற்கும் நான்கு குதிரைகளும் கொள்ளைப் பொருள்தான். 1204இல் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வெனிஸ் கொண்டுவந்தது, 1797இல் நெப்போலியன் பாரிஸுக்குக் கொண்டுபோனார், 1815இல் திரும்பி வந்தன. வெளியே நிற்பவை நகல்கள், அசல் உள்ளே அருங்காட்சியகத்தில். மாடியில் இருக்கும் அந்த அருங்காட்சியகத்துக்குத் தனிக் கட்டணம். அதைக் கொடுக்கலாம். தங்கப் பின்னணியிலான மொசைக்குகளை அண்மையில் பார்க்க அதுதான் வழி, பால்கனியும் கிடைக்கும்.

இந்த இடத்தில் காப்பி குடிக்க ஆசை வரும். சதுக்கத்தின் பழைய காப்பிக் கடைகளில் மேசை போட்டு உட்கார்ந்தால், வாத்தியக் குழு வாசிக்கும்போது இசைக்கென்று தனியாக ஒரு தொகையும் பில்லில் ஏறும். இத்தாலியில் எங்கேயும் உட்கார்ந்து குடிப்பது ஒரு விலை, நின்று குடிப்பது ஒரு விலை. நம்மூர் டீக்கடைப் பழக்கம் உள்ளவர்களுக்கு நின்றுகொண்டு குடிப்பதில் என்ன கஷ்டம்? தெருவுக்குள் நாலு திருப்பம் தள்ளிப் போய்க் குடித்தால் போதும். சதுக்கத்தின் படிகளில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்தால் அபராதம் உண்டு. புறாவுக்குத் தீனி போட 2008இலிருந்து தடை.

மணிக்கூட்டுக்கு எதிரே, இரண்டு வெண்கல மனிதர்கள் மணி அடிக்கும் கடிகாரக் கோபுரத்தின் வளைவுக்குள் நுழைந்தால் மெர்ச்செரியே என்னும் கடைத்தெரு. வளைவைத் தாண்டியதும் இடப்பக்கம் தலைக்கு மேலே பார்க்காமல் போனால் ஒன்று தப்பிவிடும். ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு கிழவியின் சிற்பம் அங்கே இருக்கிறது. 1310 ஜூன் 15ஆம் தேதி பயமோந்தே தியெப்போலோ என்ற பிரபு ஆட்சியைக் கவிழ்க்கப் படையோடு இந்தத் தெருவில் வந்தான். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த கிழவியின் கையிலிருந்து கல்லுரல் கீழே விழுந்தது. விழுந்ததா, போட்டாளா என்பதைக் கிழவிதான் சொல்லவேண்டும். அது கொடி பிடித்து வந்தவன் தலையில் விழ, படை கலைந்தது. என்ன வேண்டும் என்று அரசு கேட்டதற்கு, விழா நாட்களில் ஜன்னலில் கொடி கட்ட அனுமதியும், வீட்டு வாடகையை உயர்த்தக் கூடாது என்ற வாக்குறுதியும் கேட்டாளாம். பொன் கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை, வாடகை!

அதே தெருவில் பத்து நிமிடம் நடந்தால் ரியால்ட்டோவுக்கு முன்னால் காம்போ சான் பர்த்தொலொமேயோ. அங்கே ஒரு மருந்துக் கடையின் கண்ணாடி ஜன்னலுக்குள் சிவப்பு எண்களில் ஒரு பலகை ஓடும். மருந்து விலை அல்ல, பழைய வெனிஸில் மிச்சமிருக்கும் குடிகளின் எண்ணிக்கை. 2008இல் வைத்தார்கள். வழிகாட்டிகள் எல்லோரும் இங்கே நிறுத்துவதில்லை, கேட்டால் நிறுத்துவார்கள். பக்கத்திலேயே ஜெர்மானிய வணிகர்களுக்காக 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி கட்டிய பெரிய பண்டகசாலை நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டில் அது ஊரின் தலைமை அஞ்சலகம். 2016இல் ஆடம்பரப் பொருள் விற்கும் பேரங்காடி ஆனது, 2025இல் அதுவும் மூடப்பட்டது. கடிதம் போட ஆள் இல்லாத ஊரில் அஞ்சலகம் எதற்கு என்று நினைத்தார்கள் போலும். கைப்பை வாங்கவும் போதுமான ஆள் வரவில்லை.

இங்கே தமிழர்களுக்கு மட்டும் ஐந்து நிமிட இடைச்செருகல். சான் ஜொவான்னி கிரிசோஸ்தமோ தேவாலயத்துக்குப் பின்னால் 'கோர்த்தே செகொந்தா தெல் மிலியோன்' என்று ஒரு முற்றம். மார்க்கோ போலோவின் குடும்ப வீடு இருந்த இடம். 'மிலியோன்' அவர் பெயரோடும் புத்தகத்தோடும் ஒட்டிக்கொண்ட பட்டம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரையைப் பார்த்தவர். காயல் துறைமுகத்தையும், முத்துக் குளிப்பவர்களையும், அரசர்கள் பெரும் விலை கொடுத்துக் கப்பலில் குதிரை இறக்கியதையும் சொல்லியிருக்கிறார். 1298 வாக்கில் ஜெனோவா சிறையில் இருந்தபோது உடனிருந்த ருஸ்திகெல்லோவிடம் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது அது. 1324இல் இறந்தார். இப்போது அங்கே ஒரு கிணற்று மேடையும் சில பழைய வளைவுகளும்தான். தாமிரபரணி முகத்துவாரத்துச் செய்தி இந்த இருட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் கொஞ்சம் சிலிர்க்கும்.

ரியால்ட்டோ பாலம் 1591இல் முடிந்தது. இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய கால்வாயைக் கடக்க அது ஒன்றுதான் பாலம். பாலத்தின் மேல் படம் எடுக்க முண்டியடிப்பதைவிட, அக்கரைக்கு இறங்கிச் சந்தைக்குப் போகலாம். மத்தியானத்துக்குள் போய்விட வேண்டும், அதற்குப் பிறகு தரையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். மீன் சந்தையின் சுவரில் எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று கல்லில் வெட்டிய பலகை இருக்கிறது. ஒரு காலத்தில் இதே ரியால்ட்டோவில்தான் மலபார் மிளகுக்கு ஐரோப்பாவின் விலை முடிவானது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய செய்தி இங்கே எப்படி இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

வழிகாட்டிக்கு நன்றி சொல்லி அனுப்பும் இடம் இது. அனுப்புமுன், அவர் எங்கே சாப்பிடுவார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. வெனிஸில் 'பாக்கரோ' எனப்படும் சின்னச் சாராயக் கடைகளில் ரொட்டித் துண்டின்மேல் ஏதாவது வைத்துக் கொடுக்கும் 'சிக்கெட்டி' மலிவு, ருசி. ஆனால் அந்த 'ஏதாவது' பெரும்பாலும் மீன். வெள்ளையாக வெண்ணெய் போல் இருப்பது பாலாடைக்கட்டி என்று நினைத்து வாயில் போட்டால் அது காட் மீனாக இருக்கும். சைவக்காரர்கள் கேட்டுவிட்டுத் தொடுவது நல்லது. அவர்களுக்கு முக்கோண வெள்ளை ரொட்டியில் காய்கறியோ சீஸோ அடைத்த 'திரமெட்ஸீனோ' இருக்கிறது. குடிநீருக்குப் புட்டி வாங்க வேண்டாம், காம்போக்களில் ஓயாமல் ஒழுகும் குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர். (நடுவில் நிற்கும் அழகான கல் கிணறுகளில் தண்ணீர் ஊற்று கிடையாது. மழை நீரை மணலில் வடிகட்டிச் சேமித்த தொட்டிகள் அவை. 1884இல் நிலப்பகுதியிலிருந்து குழாய் வந்தபின் ஓய்வு பெற்றுவிட்டன.)

கோண்டோலா? கேட்காமல் விட மாட்டார்கள். 2023 நவம்பரிலிருந்து நகராட்சி நிர்ணயித்த கட்டணம் பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு ஏழு மணிக்கு மேல் 110. இது படகுக்கு, தலைக்கு அல்ல. ஐந்து பேர் வரை ஏறலாம். ஏறுமுன் நேரத்தையும் தொகையையும் வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்துகொள்வது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும். ஏறுவதானால் பெரிய கால்வாயில் வேண்டாம், மோட்டார் படகுகளின் அலையில் ஆட்டம் அதிகம். உள்ளே ஒடுங்கிய கால்வாய்களில் போகச் சொல்லலாம். படகை நேராகப் பார்த்தால் ஒரு பக்கம் வளைந்திருப்பது தெரியும். ஒரே ஆள் ஒரே துடுப்பை வலப்பக்கம் போட்டாலும் நேராகப் போவதற்காக இடப்பக்கத்தை அகலமாக்கிச் செய்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஆண்களே செய்துவந்த தொழில். 2010இல் ஜார்ஜா பாஸ்கோலோ உரிமம் பெற்ற முதல் பெண் ஆனார்.

காசு இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மீன் சந்தைக்குப் பக்கத்திலிருந்து எதிர்க்கரையின் சான்டா சொஃபியாவுக்கு 'திரகெட்டோ' என்ற கடத்துப் படகு ஓடும். அலங்காரமில்லாத பழைய கோண்டோலாதான், இரண்டு பேர் வலிப்பார்கள், வெளியூர்க்காரருக்கு 2 யூரோ. இரண்டு நிமிடத்தில் அக்கரை. உள்ளூர்ப் பாட்டிமார் காய்கறிப் பையோடு ஏறுகிறார்கள். 90 யூரோ படகில் கிடைக்காத ஒன்று, பக்கத்தில் ஒரு வெனிஸ்காரர், இதில் கிடைக்கும்.

அக்கரை கன்னரேஜோ. பிற்பகல் முழுக்க இந்தப் பகுதிக்குக் கொடுக்கலாம், வழி தவறினாலும் கவலையில்லை. வீட்டு எண்களை நம்பக் கூடாது. தெருவாரியாக இல்லாமல் பகுதிவாரியாக ஆயிரக்கணக்கில் எண் போட்டிருக்கிறார்கள். மஞ்சள் பலகையில் 'ஃபெர்ரோவியா' என்ற சொல்லையும் அம்புக்குறியையும் பிடித்துக்கொண்டால் ரயில் நிலையம் வந்துவிடும். துணி காயும் கொடிகள், பந்து விளையாடும் பிள்ளைகள், பள்ளி விட்டு வரும் அம்மாக்கள் எல்லாம் இங்கே இருக்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகமோ பழமோ வாங்குவதென்றால் இங்கே வாங்கலாம்.

நான்கு மணி வாக்கில் கெட்டோ. உலகம் முழுக்க இன்று அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அது பிறந்த இடம் இந்தச் சிறு தீவு. இங்கே இருந்த உலோக வார்ப்புப் பட்டறையின் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். 1516இல் வெனிஸ் அரசு யூதர்கள் அனைவரும் இங்கேதான் வாழவேண்டும் என்று ஆணையிட்டது. இரவில் வாயில்களைப் பூட்டுவார்கள். காவலர்களுக்குச் சம்பளம் யூதர்களே கொடுக்க வேண்டும். ஆள் பெருகப் பெருக அகலத்தில் இடமில்லாமல் மேலே மேலே கட்டினார்கள். ஏழு, எட்டு மாடி, ஒவ்வொன்றுக்கும் கூரை தாழ்வு. வெளியே நின்று ஜன்னல் வரிசைகளை எண்ணிப் பார்த்தாலே மூச்சு முட்டும். 1797இல் நெப்போலியனின் படை வந்துதான் கதவுகளைப் பெயர்த்தது. 1943, 1944இல் வெனிஸிலிருந்து 200க்கும் மேற்பட்ட யூதர்களை நாஜி முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். சதுக்கத்துச் சுவரில் அவர்களுக்கான வெண்கல நினைவுப் பலகைகள் உள்ளன. பழைய தொழுகைக் கூடங்களை உள்ளே பார்க்க அருங்காட்சியகத்தின் வழிகாட்டியோடுதான் போக முடியும். அவை மாடிகளில் இருப்பதால் கீழிருந்து தெரியாது, தெரியக் கூடாது என்றே கட்டினார்கள்.

இங்கிருந்து நிலையம் பத்து நிமிட நடை. பேருந்துக் கூட்டமெல்லாம் போய்விட்ட ஆறு மணிக்கு மேல் ரயில் ஏறும்படி சீட்டு எடுத்திருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கும். கால்வாயோரம் ஏதாவது ஒரு கடையில் நின்றபடி காப்பி. போகும் வழியில் சான் ஜெரேமியா தேவாலயம், கதவு திறந்திருந்தால் உள்ளே எட்டிப் பார்க்கலாம். கண் நோய்க்காக வேண்டிக்கொள்ளும் புனித லூசியாவின் உடல் இங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. முன்பு அவளுக்கென்று தனியாக ஒரு கோயில் இருந்தது. ரயில் நிலையம் கட்டுவதற்காக 1861இல் அதை இடித்துவிட்டு, நிலையத்துக்கு அவள் பெயரை வைத்தார்கள்.